ராசியில்லாத கை

எனக்கு வந்தது பித்தப்பையில் கல். பெரிய வியாதி ஒன்றுமில்லை. மைசூரில் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னைச் சேர்த்து மூன்று பேருக்கு அது இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கல் சேரும் என்று எங்களுக்குள் ஒரு ஆராய்ச்சி முடிவுகூட உண்டு. அந்தக் கல்லைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. அதை எடுக்கப் போன இடத்தில் தெரியவந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். முப்பது வருஷமாக எங்கள் குடும்பம் ஒரு டாக்டரைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் என்று என் உடம்பு சாட்சி சொல்லிவிட்டது. தெரிந்ததை அவரிடம் போய்ச் சொன்னோமே, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறது மனசு.

வலி ஆரம்பித்தது வேலையில்தான். நான் விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். ஊரில் யாருக்கு யார் நம்பர் வேண்டுமென்றாலும் எங்களைத்தான் கேட்பார்கள். அன்று ஒரு பெரியவர் தன் சம்பந்தி வீட்டு நம்பரைக் கேட்டார், பெயர் மட்டும் ஞாபகமில்லையாம். பெயரே தெரியாமலா பெண்ணைக் கொடுத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுத் திருகின மாதிரி இருந்தது. முதுகு வழியாகத் தோள்பட்டைவரை ஏறியது. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர், எலுமிச்சை சோடா, பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் ராமசாமி ஈரோட்டுக்காரர், டயர் ஃபாக்டரியில் வேலை. நான் பேசுவதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச மாட்டார். மூன்றாம் தடவை வலி வந்தபோது ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும். எனக்குப் பசி வந்தால் கோபமும் வரும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வேறு, எல்லாருக்கும் என்ன வியாதி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கர்ப்பப்பைக் கட்டி என்று தீர்ப்புக் கொடுத்தாள். உள்ளே வயிற்றில் சில்லென்று ஏதோ பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு இதே" என்றார் டாக்டர். கன்னடத்திலும் கல்லு கல்லுதான், மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இல்லை. பையோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி என்று ஒரு வாரம் போயிற்று. பில்லைப் பற்றி எழுத ஆரம்பித்தால் திரும்பவும் வலி வரும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆபரேஷன் என்று முடிவானதும் அம்மா சர்ஜனின் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கைராசி எப்படி என்றுதான் விசாரித்தாள். மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தில் இருக்கும் தையல்காரரிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்பவர்வரை ஒருத்தரையும் விடவில்லை. மருந்து எல்லா டாக்டரிடமும் ஒன்றுதான், பிழைப்பதும் போவதும் கையில்தான் இருக்கிறது என்பது அம்மாவின் சித்தாந்தம். கன்னடக்காரர்களுக்கும் இதே நம்பிக்கைதான், அவர்கள் கைகுண என்பார்கள். சர்ஜனுக்குக் கைகுண ரொம்ப நன்றாயிருக்கிறது என்று இளநீர்க்காரர் சான்றிதழ் கொடுத்தபிறகு அம்மாவுக்குத் தெம்பு வந்தது. உடனே அடுத்த கேள்வி கேட்டாள், மயக்க ஊசி போடுவது யார் என்று. அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனுக்கு முதல்நாள் சாயங்காலம் வார்டுக்கு வந்தார். ஷைலஜா என்று பெயர். முப்பது வயசுகூட இருக்காது. "இது குழந்தையாட்டம் இருக்குதேடி" என்று அம்மா என் காதில் சொன்னாள். டாக்டர் என் பல்லைப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், ஆஸ்துமா உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, உங்கள் ரத்த சம்பந்தத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு ஆனதுண்டா என்றார்.

இல்லை என்றேன். அம்மாவும் பக்கத்திலேயே இருந்தாள். "எங்க குடும்பத்துல எல்லாரும் நல்ல திடமுங்க" என்றாள்.

நாங்கள் மறைக்கவில்லை. சத்தியமாக மறைக்கவில்லை. டாக்டர் கேட்டது உடம்பில் இருக்கிற கோளாறை. எங்கள் வீட்டில் நடந்ததோ, ராசியில்லாத ஒரு ஆள் கையில் ஒரு குழந்தை போனது. லாரி மோதிச் செத்தவனைக் காட்டி, இது உங்கள் பரம்பரையில் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? அந்த மாதிரிதான் அது எங்களுக்கு.

அந்தக் குழந்தை என் அக்கா அமுதா. பதினோரு வயசு. எனக்கு எட்டு. அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும், டான்சிலை எடுத்துவிடலாம் என்றார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் கொள்ளேகால் பக்கம். அப்பா பட்டு ஃபாக்டரி வேலைக்காக மைசூர் வந்தவர். எங்கள் தெருவிலேயே டாக்டர் சபாபதி என்று ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். மயக்க மருந்துதான் அவர் படிப்பு. வேற்றாள் கையில் விடவேண்டாம், நம்ம ஆள் இருக்கும்போது என்ன பயம் என்று அவர் வேலை பார்த்த சின்ன நர்ஸிங் ஹோமுக்கே அமுதாவைக் கூட்டிப் போனார்கள். அவர் மனைவி லோகாக்கா அம்மாவுக்கு உயிர்த் தோழி. மிளகாய்ப் பொடி அரைக்கப் போவதென்றால்கூட இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். ஆபரேஷன் அன்று என்னை லோகாக்கா வீட்டில்தான் விட்டிருந்தார்கள். லோகாக்கா எனக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, வாயில் சாதத்தோடு என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். அமுதா மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டான் என்றார் அப்பா. அதற்கு முந்தின வருஷம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்திருந்தது. அதே சபாபதிதான் மயக்கம் கொடுத்தார். அப்பா எழுந்ததும் காபி கேட்டார். அதனால் மருந்தில் கோளாறு இல்லை, அன்றைக்கு அந்தக் கையில்தான் கோளாறு என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். நடுத் தெருவில் நின்று அப்பா கத்தினார். பிறகு தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ராசியில்லாத கை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காய்ச்சலுக்குக்கூட அவரிடம் யாரும் போகவில்லை. கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விட்டார்கள். அங்கே காய்ச்சல் இருமலுக்கு மட்டும் பார்க்கிற டாக்டராக ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தார். மயக்க மருந்தை அப்புறம் அவர் தொடவேயில்லை என்று கேள்வி. ரங்கநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் அந்தப் போர்டு கண்ணில் பட்டால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மறுநாள் மத்தியானம் ஆபரேஷன். கையில் ஊசி ஏறியது, பத்து எண்ணச் சொன்னார்கள், நாலுக்கு மேல் எனக்கு ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது முதலில் காதுதான் வந்தது. தட்டில் கத்தரிக்கோல் விழுகிற சத்தம். சர்ஜன் யாரிடமோ, ஓ.பி.யில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற சத்தம். ஒரு நர்ஸ் கௌரி பண்டிகைக்கு லீவு கிடைக்காததைப் பற்றிப் புலம்பினாள். அப்பாடா முடிந்தது என்று கண்ணைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. கையை அசைக்கப் பார்த்தேன். விரல் இருக்கிற இடம் தெரிந்தது, அசையத்தான் இல்லை. வயிற்றில் தையல் போட்ட இடம் நெருப்பாக எரிந்தது. அம்மா என்று கத்த நினைத்தேன், தொண்டையில் குழாய். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது, ஆனால் நான் ஏற்றவில்லை, நான் இறக்கவில்லை. வேறு யாரோ என் நெஞ்சை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்த நர்ஸ் சொன்னாள், "மேடம், உசிரு பர்தா இல்லா."

கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், நாள் முழுக்கக் கன்னடத்தில் நம்பர் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், இது தெரியாதா எனக்கு? ஆனால் அந்த நிமிஷம் கன்னடமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தமிழில்தான் கேட்டது. உசிர் வரவில்லை என்று கேட்டது. அப்படியானால் செத்துவிட்டேன், இதுதான் செத்துப்போவது போலிருக்கிறது, காது மட்டும் மிச்சமிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பெரிய எண்ணமெல்லாம் ஒன்றும் வரவில்லை. மகளின் ஹால் டிக்கெட் என் கைப்பையில் இருக்கிறது, இவர் எங்கே தேடுவார் என்று கவலை வந்தது. பயம் என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன்.

யாரோ நாடித்துடிப்பு எகிறுகிறது, பிரஷர் ஏறுகிறது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் என் காதுக்குப் பக்கத்தில் ஷைலஜாவின் குரல் கேட்டது. கன்னடத்தில், ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகச் சொன்னார். "விசாலாட்சி, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு நினைக்கிறேன். ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்க தசை மட்டும் இன்னும் எழுந்திருக்கலை. மூச்சு தானா வர்றவரைக்கும் நான் உங்களுக்காக மூச்சு விடறேன், கையை எடுக்க மாட்டேன். இப்ப தூங்க மருந்து குடுக்கறேன்." அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் தாண்டித்தான் எனக்கு மூச்சு வந்ததாம். அதுவரை ஷைலஜாவும் நர்ஸ்களும் மாற்றி மாற்றி மூச்சுக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பிறகு இரண்டு நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், உப்பில்லாத கஞ்சி. அதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. சுற்றிலும் சத்தம் அடங்கினால்தான் பயம். எங்கே திரும்பக் கட்டிப்போட்டுவிட்டார்களோ என்று விரலை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். இதை ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். பேசாத என் மனுஷன் தினமும் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். செய்தி தீர்ந்ததும் விளம்பரம். இரண்டு படுக்கையறை வீடு வாடகைக்கு, பழைய லூனா விற்பனைக்கு, மணமகள் தேவை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டதேயில்லை. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன். எல்லாம் கேட்டதுங்க, ஒரு வார்த்தை விடாமல் கேட்டதுங்க என்று. அம்மா நூறு தடவை கேட்டிருப்பாள் அதை.

ஷைலஜா என் ரத்தத்தை பெங்களூருக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்த அன்று வார்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். தொண்டையில் குழாய் விடுவதற்காக ஸ்கோலின் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள். அது உடம்பிலுள்ள எல்லாத் தசையையும் தளர்த்திவிடும், மூச்சுவிடுகிற தசையையும் சேர்த்து. சாதாரணமாக ஐந்து நிமிஷத்தில் அது தீர்ந்துபோகும், ஏனென்றால் அதைச் சிதைக்கிற ஒரு பொருள் எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. என் ரத்தத்தில் அது வேலை செய்கிற மாதிரி இல்லை. அதனால் ஐந்து நிமிஷ மருந்து எனக்கு மணிக்கணக்காக நின்றுவிட்டது. தூக்க மருந்து கலைந்துவிட்டது, இது கலையவில்லை, அதனால்தான் முழித்துக்கொண்டே கட்டிப்போட்டதுபோல் கிடந்திருக்கிறேன். இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு வரும்வரை பையை விடாமல் அமுக்க வேண்டும், அதுதான் வைத்தியம். இந்த மருந்து பட்டால் ஒழிய வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது, இருப்பதே தெரியாது.

எனக்கு மட்டும் ஏன் இப்படி என்றேன். பிறவியிலேயே வருவது என்றார். ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். இரண்டும் பழுதாக வந்தால்தான் இப்படி. அதற்குமேல், "உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களா?" என்றார்.

பக்கத்தில் மூசம்பி உரித்துக்கொண்டிருந்த அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். பிறந்தபோதே இன்னாருக்கு என்று பேசிவைத்த பெண் அம்மா. எங்கள் பக்கத்தில் அது உரிமை, விட்டுக்கொடுத்தால்தான் சண்டை வரும். டாக்டர் விரலால் பெட்ஷீட்டில் கோடு போட்டுக் காட்டினார். மேலே யாரோ ஒரு பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுது, மகன் வழியாகவும் மகள் வழியாகவும் இறங்கி, ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. என் தாடையில் நடுவே ஒரு குழி உண்டு, அம்மாவுக்கும் உண்டு, அப்பாவுக்கும் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, இது எப்படி வந்ததோ அப்படித்தான் அதுவும் என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், கூடப் பிறந்தவர்கள் யார் யார், எல்லாரும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று.

ஒரு தம்பி இருக்கிறான் என்றேன். அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அம்மா கையிலிருந்த சுளை அப்படியே இருந்தது. அமுதாவுக்கும் அதே தாடை. அதே சுருட்டை முடி. நான் வளர வளர, அமுதா திரும்பி வந்துவிட்டாள் என்று ஊரில் சொல்லாதவர்கள் இல்லை.

நான்தான் சொன்னேன் டாக்டரிடம், ஒரு அக்கா இருந்தாள் என்று. டான்சில் ஆபரேஷன், பதினோரு வயசு, எழுந்திருக்கவில்லை என்று. ஷைலஜா திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அந்த மருந்தையே தொட்டிருக்க மாட்டேன் என்றார். அக்காவுக்கு ரத்தம் பார்க்க இப்போது வழியில்லை, ஆனால் அதுதான் நடந்திருக்கும் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும், மருந்தின் அளவு கூடிப்போனதால் இருக்காது என்றார்.

"அப்ப மாமாவைக் கட்டினதுதான் தப்பா போச்சா?" என்றாள் அம்மா. தப்பென்று ஒன்றுமில்லை, வெளியில் கட்டினவர்களுக்கும் இது வரலாம், சொந்தத்தில் என்றால் சேர்கிற வாய்ப்பு கூட என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். என் வீட்டுக்காரர் சொந்தமில்லை என்பதால் என் மகளுக்குப் பெரும்பாலும் ஒரு பிரதிதான் பழுதாக இருக்கும் என்று எனக்கும் தைரியம் சொன்னார். அம்மா காதில் எதுவும் ஏறவில்லை. சுளையைத் தட்டில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

தம்பியின் ரத்தம் நன்றாக இருந்தது. எனக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள், ஸ்கோலின் கொடுக்கக்கூடாது என்று. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பேச்சே குறைந்துவிட்டது. சமைப்பாள், எனக்குத் தலை வாரிவிடுவாள், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் திடீரென்று, "அந்த மனுசனை என்ன பேச்செல்லாம் பேசினோம்" என்றாள். அமுதா போன அன்றைக்கு லோகாக்கா எங்கள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாளாம், அம்மா கதவைச் சாத்தினாளாம். எனக்குத் தெரியாத சங்கதி அது. நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவர் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று அவர் காதில் விழவேண்டும், அதற்குள் அவருக்கோ எனக்கோ ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பாவம் என் தலையோடு வரும் என்று ஒரே பிடியாக நின்றாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு மனுஷன் முப்பது வருஷம் சுமந்த பழியை இறக்கிவைக்கப் போகிறோம், இதைவிட நல்ல காரியம் உண்டா என்றுதான் நினைத்தேன்.

தையல் ஆறினதும் பஸ் ஏறினோம். கிளினிக் போர்டு இல்லை, வீடு அதேதான். கதவைத் திறந்தது லோகாக்கா. முடி முழுக்க வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்து "வா பாக்கியம்" என்றாள், நேற்று சாயங்காலம் பார்த்துப் பிரிந்தவள் மாதிரி. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

டாக்டர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், பார்த்தவர் முகம் மாறிப்போயிற்று. அமுதாவைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. நான் விசாலாட்சிங்க, சின்னவள் என்றேன். அம்மா தரையில் உட்கார்ந்து, தப்பாகப் பேசிவிட்டோம், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று ஏதோ கோவையில்லாமல் சொல்ல ஆரம்பித்தாள். நான்தான் எடுத்து ஒழுங்காகச் சொன்னேன். என் ஆபரேஷன், ஸ்கோலின், பெங்களூர் ரத்தப் பரிசோதனை, அப்பா வழி ஒன்று அம்மா வழி ஒன்று என்று எல்லாம். பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். லோகாக்கா வாசற்படியில் நின்று, கேட்டீங்களா, கேட்டீங்களா என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"எப்ப மூச்சு வந்தது உனக்கு?" என்றார்.

"மத்தியானம் ஆபரேஷன் ஆச்சுங்க. விளக்கு வெச்ச பிறகு வந்துதுங்க."

"அதுவரைக்கும் பையை விடவேயில்லையா?"

விடவேயில்லையாம் என்றேன். அந்த டாக்டரம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் கையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அந்தக் கை மடியில் தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நான் விட்டேன்மா" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. "கொஞ்சம் நிறுத்தினா உள்ளே கரியமில வாயு சேரும், சேர்ந்தா மூச்சு தானா இழுக்கும்னு அப்ப எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருந்தாங்க. அதான் விட்டு விட்டுப் பார்த்தேன். இழுக்கலை. திரும்ப அமுக்கினேன். திரும்ப விட்டேன். கடைசியா விட்டப்ப இதயம் நின்னுபோச்சு."

இத்தனை வருஷமும், நம் கையை மீறி ஏதோ நடந்துவிட்டது என்ற நினைப்பில்தான் அந்த மனுஷன் உயிரோடு இருந்திருக்கிறார். ஊர் திட்டினாலும் அந்த ஆறுதல் அவருக்கு மிச்சமாக இருந்தது. விடாமல் அமுக்கியிருந்தால் சாயங்காலத்துக்குள் எழுந்திருப்பாள் என்பதை நாங்கள்தான் சுமந்துகொண்டு வந்து அவர் மடியில் வைத்தோம். பழியை இறக்க வந்தவர்கள் நாங்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே செய்திருப்பார்கள் என்று ஏதோ உளறினேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

பிறகு நிமிர்ந்தார். "குழந்தை கண்ணுல தண்ணி வந்தது அன்னிக்கு. மயக்கத்துக்குக் குடுத்த ஈதரோட காரம்னு நினைச்சு பஞ்சால துடைச்சுவிட்டேன்." அப்புறம் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "உனக்கு அப்ப முழிப்பு இருந்துதாம்மா? எங்க பேச்செல்லாம் கேக்குமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். தரையில் உட்கார்ந்தபடியே, அழுத குரல் துளிகூட இல்லாமல் சொன்னாள். "இல்லீங்க டாக்டர். அவ நல்லா தூங்கிட்டா. ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னா."

ஆமாங்க என்றேன் நான். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. லோகாக்கா காபி கொண்டுவந்தாள், குடித்தோம். போகும்போது அட்டையைத் திருப்பிக் கொடுத்தார், பத்திரமாக வைத்துக்கொள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு ஒரு நர்ஸு வெளிய ஓடி வந்தா. கதவு திறந்தப்ப நான் வாசல்ல நின்னுட்டு அமுதா, அமுதான்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணுன்னு கூப்பிட்டேன். உங்கப்பா வாயைப் பொத்தி இழுத்துட்டுப் போனாரு. அது உள்ள அவளுக்குக் கேட்டிருக்குமாடி?"

"கேட்டிருக்கும்மா" என்றேன்.